தீவனம் கேட்கும் வாகனம்

ஏறிச் செல்ல ஒரு வாகனம் கிடைப்பது வல்ல அல்லாஹ் மனிதனுக்கு அருளிய பெரும் நிஃமத்துகளில் ஒன்றாகும். குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் மனிதர்கள் ஏறிச் செல்வதற்காகவும், அவர்களுக்கு அலங்காரமாகவும் அவன் படைத்திருப்பதைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 8-வது வசனம் எடுத்துரைக்கிறது. மனிதர் அறியாத வேறு பலவற்றையும் அவன் படைப்பதாக அதே வசனம் முடிகிறது. இன்றைய மோட்டார் வாகனங்களையும் அதில் அடக்கி விளக்கம் கூறும் உலமாக்கள் உண்டு. எனவே விலையுயர்ந்த காரில் ஏறுவது ஹராம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலங்காரம் என்பதை இறைவனே அங்கு குறிப்பிட்டிருக்கும்போது அதைத் தடுக்க நாம் யார்?

நாம் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஆடம்பரக் காரை வாங்கும்போது அதன் விலையை மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கம்பெனியின் வாரண்டி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வண்டியைக் காப்பாற்ற ஆகும் செலவு யாருடைய பங்கிலிருந்து போகிறது? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும். மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் நம் சமுதாய வியாபாரிகள் பலர் இறைவன் அருளால் நல்ல நிலைக்கு வந்திருக்கும் இக்காலத்தில் இது வெறும் மோட்டார் விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை. ஹலால், ஹராம் என்ற கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு ஒரு மனிதன் எப்படிப் பிறர் ஹக்கில் கை வைத்துவிடக்கூடும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

வாரண்டி என்பது என்ன?

விற்றவர் ஒரு காலக்கெடு வரை பொருளின் குறைகளுக்குப் பொறுப்பேற்பதே வாரண்டி. நமது ஃபிக்ஹு நூல்களிலும் பொருளில் மறைந்திருந்த ஐபு வெளிப்பட்டால் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு என்று ஒரு தனிப் பாடமே இருக்கிறது. ஆகவே வாரண்டி நமக்குப் புதிதல்ல. ஆனால் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். தயாரிப்பில் உள்ள குறைக்குத்தான் அது பொறுப்பேற்கும். டயர், பிரேக் தேய்மானம் போன்றவற்றுக்கும், மழை வெள்ளத்தில் மூழ்கியதற்கும் கம்பெனி பொறுப்பல்ல. சென்னையில் 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. நமது செல்லூர்ப் பகுதியில் 2024 அக்டோபரில் நீர் சூழ்ந்ததையும் பார்த்தோம். நீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் உள் பாகங்கள் வளைந்துவிடும். அதற்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிராவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கை விரித்துவிடக்கூடும்.

வாரண்டிக் காலத்துக்குள்ளேயே குறை வெளிப்பட்டாலும் தீர்வு எளிதாக வந்துவிடும் என்பதற்கில்லை. 2009 செப்டம்பரில் ஒரு நிறுவனம் வாங்கிய பி.எம்.டபிள்யூ கார் சில நாட்களிலேயே கோளாறு காட்டியது. அந்த வழக்கு 2024 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 50 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வாதிக்குச் சாதகமே. ஆனால் இடையில் ஓடிய பதினைந்து ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

மூன்றாம் ஆண்டுக்குப் பின்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு காரை நம்மூர் வியாபாரி ஒருவர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு, அது விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பர் முதல் ஆயுட்கால வரி 20 விழுக்காடு. ஆக, சாலையில் இறங்கு முன்பே இன்னொரு 12 லட்சம். இதை வாங்குபவர் தெரிந்தே கொடுக்கிறார்; மனநிறைவோடும் கொடுக்கிறார். இதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரும்பாலோர் இந்தக் காரைக் கடனில்தான் வாங்குகிறார்கள். வட்டி ஹராம் என்பதை இங்கே விரித்துக் கூறத் தேவையில்லை. கால அளவை மட்டும் கவனியுங்கள். கடன் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள். வாரண்டியோ பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். நான்காம் ஆண்டிலிருந்து அந்த மனிதர் மாதத் தவணையையும் கட்டுவார். பழுதுச் செலவையும் சேர்த்துச் சுமப்பார். அதே சமயம் வண்டியின் மதிப்போ கீழே போய்க்கொண்டிருக்கும். இன்ஷூரன்ஸ் கணக்கில் மூன்று ஆண்டு முடியும் கட்டத்தில் 30 விழுக்காடும், நான்கைத் தாண்டி ஐந்துக்குள் 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படுகின்றன. 60 லட்சம் 30 லட்சமாகிவிட்டது. ஆனால் அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை பாதியாகக் குறைவதில்லை. கார் வாங்கியவருக்குப் பழையதாகலாம். பார்ட்ஸ் விற்பவருக்கு அது என்றும் 60 லட்ச ரூபாய்க் கார்தான்.

செலவு ஏன் இவ்வளவு ஆகிறது? மதுரை மோட்டார் தொழிலை நன்கறிந்த ஊர். 1912-லேயே டி.வி.சுந்தரம் ஐயங்கார் இங்கு பஸ் சர்வீஸ் தொடங்கிவிட்டார். அம்பாஸடர் கார் 2014-ல் உற்பத்தி நிற்கும் வரையில், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் இல்லாத ஊரே இல்லை எனலாம். ஸ்பானரும் காதும் இருந்தால் போதும், கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். இன்றைய ஆடம்பரக் காரின் விஷயம் அப்படியல்ல. பிரேக், கியர், விளக்கு, கதவு எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் உண்டு. புதிய பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது. கம்பெனியின் சாதனத்தைக் கொண்டு அதை அந்த வண்டியோடு இணைக்க வேண்டும். சில கார்கள் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பையின் மேல் மிதந்து செல்கின்றன. பயணம் சுகம்தான். ஆனால் நம் வெயிலிலும் புழுதியிலும் அந்த ரப்பர் வெடித்துக் காற்று கசிந்தால், காற்று நிரப்பும் கம்பிரஸர் ஓய்வின்றி ஓடி அதுவும் கெட்டுவிடும். முகப்பு விளக்கில் ஒரு சிறு பகுதி பழுதானால்கூட முழு விளக்கையும் மாற்ற நேர்கிறது. பெரும்பாலான உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாக 2025 செப்டம்பரில் குறைந்தது உண்மைதான். ஆனாலும் கடல் தாண்டி வரும் பாகத்தின் அடக்க விலையே பெரிதாயிற்றே!

ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தினாலும் செலவு நிற்பதில்லை. பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தும், எலி புகுந்து வயரைக் கடிக்கும். ஓடும் வண்டியும் தீவனம் கேட்கும், நிற்கும் வண்டியும் தீவனம் கேட்கும்.

உயிருள்ளதும் உயிரற்றதும்

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குதிரை மூன்று வகை மனிதரிடம் மூன்று வகையாக இருக்கும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வந்துள்ளது. ஒருவருக்கு அது நன்மை. அல்லாஹ்வின் பாதைக்காக வைத்திருப்பவர் அவர். இன்னொருவருக்கு அது திரை. பிறரிடம் கையேந்தாதிருக்க வைத்துக்கொண்டு, அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் ஹக்கை மறக்காதவர் அவர். மூன்றாமவருக்கோ அது பாரம். பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் பகைமைக்காகவும் கட்டி வைத்தவர் அவர். குதிரை ஒன்றுதான். கட்டியவரின் நிய்யத்தும் அவர் செலுத்திய ஹக்கும் அதை மூன்றாக்கிவிட்டன.

அடுத்து, பராமரிப்புச் செலவு பற்றிய சட்டம். தன்னிடமுள்ள கால்நடைக்குத் தீனியும் நீரும் கொடுப்பது உடையவர் மீது கடமை. இதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. கொடுக்க மறுப்பவர் அதை விற்க வேண்டும், அல்லது தீனி போட வேண்டும், அல்லது உண்ணத்தக்கதாயின் அறுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்படுவார் என்பது ஷாஃபியீ மத்ஹபின் தீர்ப்பு. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் இந்தச் சட்டத்தைக் கூறிவிட்டு, அதை அடுத்தே உயிரற்ற பொருளின் சட்டத்தையும் கூறுகிறார்கள். வீடு, வாய்க்கால் போன்ற உயிரில்லாத சொத்துகளைப் பழுதுபார்ப்பது உடையவர் மீது கடமையாகாது என்பதே அது. பொருளைப் பாழாக விடுவது விரும்பத்தக்கதல்ல என்றாலும், கடமை என்ற வரிசையில் அது சேராது.

எவ்வளவு நுட்பமான பாகுபாடு! பசிக்கும் என்பதற்காக மாட்டுக்கு ஹக்கு உண்டு. காருக்குப் பசிக்காது. ஆகவே ஆடம்பரக் காரின் கியர்பாக்ஸுக்கு நம் மீது எந்த ஹக்கும் கிடையாது. ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? மாதக் கடைசியில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான்கு லட்ச ரூபாய்க்குப் பில் வருகிறது. பணம் கட்டாமல் வண்டி வெளியே வராது. வண்டி வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். உடனே அந்தப் பில் முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. கடையில் வேலை செய்யும் பையன்களின் சம்பளம் பத்தாம் தேதிக்குத் தள்ளப்படுகிறது. சரக்கு கொடுத்த சிறு வியாபாரி அடுத்த வாரம் வரச் சொல்லப்படுகிறார். வீட்டில் மருத்துவச் செலவுக்கு மனைவி கேட்ட தொகை மறுபேச்சில்லாமல் ஒத்திப் போகிறது.

வேலையாளின் வியர்வை உலரு முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. கொடுக்க வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று சொன்ன மார்க்கம் இது. தன் பொறுப்பில் உள்ளவர்களை வாட விடுவதே ஒரு மனிதனுக்குப் போதுமான பாவம் என்று எச்சரித்த மார்க்கம் இது. பசியுள்ளவர்களையெல்லாம் காக்க வைத்துவிட்டு, பசியில்லாத ஒன்றுக்கு முதலில் தீனி போடுகிறோமே! கார் ஹலால், ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்த பணமும் ஹலால். ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது. பாவம் காரில் இல்லை, அந்த வரிசையில் இருக்கிறது.

மிஸ்கீனின் பங்கு

இன்னொரு கணக்கும் உண்டு. தன் சொந்த உபயோகத்துக்கான வாகனத்தின் மீது ஜகாத் இல்லை. இது மார்க்கம் தந்த சலுகை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த 60 லட்சம் ரொக்கமாகவோ வியாபாரச் சரக்காகவோ இருந்திருந்தால் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு, அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய் ஏழைகளின் பங்காகப் பிரிந்திருக்கும். காராக மாறிய அன்றே அந்தப் பங்கு நின்றுவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, அதே ஒன்றரை லட்சமோ அதற்கு மேலோ ஆண்டுதோறும் வேறு வடிவில் பிரியத் தொடங்குகிறது. ஏழைக்கு அல்ல, ஏர் சஸ்பென்ஷனுக்கு. இதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஜகாத் கொடுக்கும்போது ரூபாயை இரண்டு தடவை எண்ணும் கை, ஒர்க்‌ஷாப் பில்லை எண்ணாமலே கட்டுவது ஏன் என்று நஃப்ஸைக் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

சிலர் நம்மிடம் மறுப்புக் கூறலாம். தன் அடியான் மீது தான் செய்த அருளின் அடையாளம் வெளியே தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்று ஹதீதில் வரவில்லையா என்பார்கள். வந்திருக்கிறது, உண்மை. நல்ல வாகனம் மனிதனின் பாக்கியங்களில் ஒன்று என்றும் வந்திருக்கிறது. ஆனால் கெட்ட வாகனம் மனிதனின் துர்ப்பாக்கியங்களில் ஒன்று என்பதும் அதே ஹதீதில் சேர்ந்தே வந்திருக்கிறது. அடித்து ஓட்டினால் நம்மைக் களைப்படையச் செய்யும், விட்டுவிட்டால் கூட வந்தவர்களோடு கொண்டுபோய்ச் சேர்க்காது என்று ஓர் அறிவிப்பில் அதற்கு விளக்கமும் இருக்கிறது. முதல் மூன்று ஆண்டு பாக்கியமாக இருந்த வண்டி, பிறகு துர்ப்பாக்கியமாக மாறிவிட்டது என்றால் அருளின் அடையாளம் எங்கே? இரவலாகப் பணம் வாங்கிக் காட்டும் அடையாளம் அருளைக் காட்டுமா, கடனைக் காட்டுமா?

அந்தப் பில்லால் மெக்கானிக் குடும்பங்கள் பிழைக்கின்றனவே என்றும் கேட்கலாம். கைத்தொழில் செய்து உண்பவரின் சம்பாத்தியம் மிகவும் மேலானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பில்லைப் பிரித்துப் பாருங்கள். பாகத்தின் விலை பெரிதாகவும், கை வேலையின் கூலி சிறிதாகவும் இருப்பதைக் காண்பீர்கள்.

மாப்பிள்ளைக் கார்

இந்த விஷயத்தில் மிகவும் வேதனை தருவது, கைக்கூலியாகக் கொடுக்கப்படும் கார். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மாப்பிள்ளை, பெண் வீட்டாரிடம் காரை எதிர்பார்க்கிறார். பெண்ணைப் பெற்ற அத்தா நிலத்தை விற்றோ கடன்பட்டோ அதை வாங்கிக் கொடுக்கிறார். அன்று மாலையும் பூவுமாய் நின்ற வண்டி, வாரண்டி முடிந்ததும் அந்த இளம் தம்பதியின் வீட்டு வாசலில் கடன்காரனைப் போல் நிற்கிறது. மாப்பிள்ளையின் வருமானம் ஒரு சிறு காருக்கே போதுமானதாக இருக்கும். உங்கள் அத்தா கொடுத்த வண்டி, உங்கள் அத்தாவே ரிப்பேரும் செய்து தரட்டும் என்ற பேச்சு வரும். விற்கலாம் என்றால் சம்பந்திகள் மனம் கோணும். பெண்ணின் கண்ணீரில் அந்த வண்டி இன்னும் சில ஆண்டுகள் ஓடும். ஒரு தந்தை தன் மகளுக்குச் சீதனமாகத் தீராச் செலவு ஒன்றைக் கொடுத்தனுப்பினார் என்பதுதான் இதன் பொருள். ஜமாஅத்துகள் கைக்கூலியைத் தடுக்க முயலும்போது இந்தப் பின்விளைவையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கலீஃபாவின் விடை

ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) ஹஸ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் கலீஃபாவானார்கள். அரச லாயத்தின் பொறுப்பாளர்கள் வந்து, கலீஃபாக்களின் சவாரிக்கென்று இருந்த உயர்ந்த வாகனங்களுக்குத் தீவனச் செலவு கேட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த வாகனங்களை ஷாம் தேசத்து நகரங்களுக்கு அனுப்பி விற்று, கிரயத்தை அல்லாஹ்வின் பொருளில், அதாவது பைத்துல் மாலில் சேர்க்கும்படி உத்தரவிட்டார்கள். தமது சாம்பல் நிறக் கோவேறு கழுதையே தமக்குப் போதும் என்றார்கள். இமாம் சுயூத்தீ (ரஹ்) அவர்கள் கலீஃபாக்களின் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்தக் குதிரைகளை வாங்கியவர் அவர்கள் அல்ல. விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் இலவசமாகவே வந்தவை. வேறொருவராக இருந்தால், சும்மா கிடைத்ததுதானே என்று ஏறியிருப்பார். அவர்களோ விலையைப் பார்க்கவில்லை, தீவனத்தைப் பார்த்தார்கள். ஒரு பொருள் நமக்கு எவ்வளவு ஆயிற்று என்பது ஒரு நாள் கேள்வி; அது நம்மிடம் எவ்வளவு கேட்டுக்கொண்டே இருக்கும் என்பது தினசரிக் கேள்வி. ஆட்சியும் கஜானாவும் கையில் இருந்தவரே அந்தக் கேள்வியைக் கேட்டார் என்றால், மாதத் தவணையில் வாழும் நாம் கேட்க வேண்டாமா?

என்ன செய்வது?

வாங்க நினைப்பவர்கள் ஷோரூமுக்குப் போகுமுன் மூன்று விஷயங்களைத் தனிமையில் எண்ணிப் பார்க்கட்டும். நான்காம் ஆண்டில் ஒரே மாதத்தில் சில லட்ச ரூபாய் பழுதுச் செலவு வந்தால், எவருடைய சம்பளத்தையும் கடனையும் தள்ளிப் போடாமல் நம்மால் கொடுக்க முடியுமா? பக்கத்தில் நம்பகமான ஒர்க்‌ஷாப் இருக்கிறதா, அல்லது சுமார் 460 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கு லாரியில் ஏற்ற வேண்டுமா? நாளைக்கே இதை விற்று ஒரு சிறு காரில் மஹல்லாவுக்குள் வர நம் மனம் இடம் கொடுக்குமா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று மனம் சொன்னால், வண்டி நம் கையில் இல்லை. நாம்தான் வண்டியின் கையில் இருக்கிறோம் என்று அறிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், வண்டிக்கென்று மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. தனி விலைக்கு விற்கப்படும் நீட்டிப்பு வாரண்டி விஷயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதன் ஷரத்துகளை நம்பகமான ஆலிமிடம் காட்டிக் கேட்டுச் செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியான பழைய காரை ஆசைப்பட்டு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த சாதாரணக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் கட்டணம் ஆக்கப்பட்டபோது, இறக்குமதியான காருக்கு அது 40,000 ரூபாய் ஆக்கப்பட்டது.

தாங்க முடியாதவர்கள் விற்றுவிடட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, கலீஃபாவே விற்றிருக்கிறார்கள். ஆனால் வாரண்டி முடியப் போகிறது, கியர் முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டே மூடி மறைத்து விற்காதீர்கள். மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இன்றைய தானியக் குவியல் பாலிஷ் போட்ட பானெட். குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையும், பரக்கத்துக் குறையாது.

ஹைதராபாத் நிஜாம் மீர் மஹபூப் அலீ கான், சிம்மாசனம் போன்ற இருக்கை வைத்த ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றுக்கு 1911-ல் ஆர்டர் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அவர் காலமாகிவிட்டார். கார் அவர் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. சில நூறு மைல்களே ஓடிய அந்த மஞ்சள் நிறக் கார் இன்று சௌமஹல்லா அரண்மனையில் காட்சிப் பொருளாக நிற்கிறது. நாட்டிலேயே பெருஞ் செல்வரான மன்னருக்கும் அதில் ஒரு முறைகூட ஏறும் பாக்கியம் கிட்டவில்லை. கம்பெனி தந்த பொறுப்புச் சீட்டுக்குத் தேதி எழுதியிருக்கிறது. நம் மூச்சுக்கு அப்படி ஒரு சீட்டுக்கூட எவரும் எழுதித் தரவில்லை. அனுபவித்த நிஃமத்துகளைப் பற்றி அந்நாளில் நிச்சயம் விசாரிக்கப்படுவோம் என்று அத்தகாஸுர் அத்தியாயம் முடிகிறதல்லவா? அந்த விசாரணையில் காரைப் பற்றிய கேள்வி சிறியதாக இருக்கலாம். அதற்காகக் காத்திருக்க வைக்கப்பட்ட மனிதர்களைப் பற்றிய கேள்வி சிறியதாக இராது.

நமது பொருளை நமக்குப் பாரமாக்காமல் திரையாகவும் நன்மையாகவும் ஆக்கியருள வல்ல நாயன் போதுமானவன். ஆமீன்.